கூட இருந்து கற்றுக்கொடுப்போம்

(வானொலி மறையுரை)



"ஒழுங்கா இரு, நல்லா படி, எல்லாரோடும் சண்டை போடாம பழகு." பிள்ளைகள் நம் வீடுகளில் அன்றாடம் கேட்கும் புத்திமதி இது. நல்ல புத்திமதிதான். ஆனால் ஒழுங்காக இருப்பது எப்படி, படிப்பது எப்படி, பழகுவது எப்படி என்று அருகில் அமர்ந்து காட்டித் தருவது யார்? சைக்கிள் ஓட்டப் பழகும் பிள்ளையிடம் வாசலில் நின்றுகொண்டு "விழாமல் ஓட்டு" என்று சொல்லிவிட்டு நாம் உள்ளே போய்விடுவதில்லை. சீட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடுகிறோம். பிறகு ஒருநாள், பிள்ளைக்கே தெரியாமல் கையை எடுத்துவிடுகிறோம். மற்ற பழக்கங்களுக்கும் இதுவே வழி.

லூக்கா நற்செய்தி இரண்டாம் அதிகாரத்தில் பன்னிரண்டு வயது இயேசுவைப் பார்க்கிறோம். எருசலேம் கோவிலில் போதகர்கள் நடுவே அமர்ந்து அவர்கள் சொல்வதைக் கவனிக்கிறார், கேள்வியும் கேட்கிறார். பிறகு மரியாவோடும் யோசேப்போடும் நாசரேத்துக்குத் திரும்பி, அவர்களுக்குப் பணிந்து நடக்கிறார். அங்கே அவர் ஞானத்திலும் வயதிலும் வளர்ந்தார் என்கிறார் நற்செய்தியாளர். இறைமகனுக்கே வளர ஒரு வீடும் காலமும் தேவைப்பட்டன. அப்படியிருக்க, நம் பிள்ளை எல்லாவற்றையும் ஒரே நாளில் கற்றுவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா?

ஜனவரி 31 அன்று இளைஞர்களின் தந்தையாம் புனித தொன் போஸ்கோவின் திருவிழாவைக் கொண்டாடுகிறோம். இன்று அவருடைய தாயாரைக் கொஞ்சம் நினைத்துப் பார்ப்போம். மார்கரெட் அம்மா எழுதப் படிக்கத் தெரியாதவர். 1817இல் கணவர் இறந்தபோது சிறுவன் ஜானுக்கு இரண்டு வயதுகூட நிறையவில்லை. அந்த ஏழைத் தாய் வயல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார்; செபம் சொல்லவும் வேலையைப் பகிர்ந்துகொள்ளவும் கூடவே இருந்து பழக்கினார். பின்பு 1846இல் மகனோடு தூரின் நகருக்கு வந்து, இறக்கும்வரை பத்து ஆண்டுகள் ஆதரவற்ற சிறுவர்களுக்குத் தாயாக இருந்தார். மழையில் நனைந்து வந்த முதல் அநாதைச் சிறுவனுக்கு உணவும் படுக்கையும் கொடுத்து, தூங்குமுன் நேர்மையையும் உழைப்பையும் பற்றி இரண்டு வார்த்தை அன்பாகச் சொன்னார். சலேசிய இல்லங்களில் இன்றும் தொடரும் இரவு வாழ்த்துரை அங்கிருந்துதான் தொடங்கியது.

"நாங்கள் படிக்காதவர்கள், பிள்ளைக்கு என்ன சொல்லித்தர முடியும்?" என்று கேட்கும் பெற்றோருக்கு அந்த அம்மாவே பதில். பாடம் தெரியாவிட்டாலும் கூட இருக்கத் தெரிந்தால் போதும்.

முதலில் ஒழுங்கு. இரவு தூங்குமுன் பத்து நிமிடம் பிள்ளையோடு அமருங்கள். நாளைய பாடவேளை அட்டவணையை அவனே வாசிக்கட்டும். புத்தகங்களை அவனே பையில் எடுத்து வைக்கட்டும். முதல் வாரம் நாம் உதவுவோம், அடுத்த வாரம் பார்த்துக்கொண்டு மட்டும் இருப்போம், அதன்பின் விட்டுவிடுவோம். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் அம்மாவே பை அடுக்கித் தந்தால், அன்பின் பெயரால் அவன் கையைக் கட்டிப்போடுகிறோம்.

அடுத்து படிப்பு. பொதுத்தேர்வு நெருங்கும் காலம் இது. புத்தகத்தைத் திறந்து வைத்துத் திரும்பத் திரும்ப வாசித்தால் படித்ததுபோலத் தோன்றும், மனத்தில் நிற்காது. ஒரு பகுதியை வாசித்ததும் புத்தகத்தை மூடிவிட்டுச் சொல்லிப் பார்க்கவோ எழுதிப் பார்க்கவோ சொல்லுங்கள். இரண்டு நாள் கழித்து மறுபடியும் கேளுங்கள். "இன்னைக்கு என்ன படிச்ச? எனக்குப் புரியற மாதிரி சொல்லு" என்று கேட்க எந்தத் தாய்க்கும் பட்டம் வேண்டியதில்லை. அம்மாவுக்கு விளக்கிச் சொன்ன பாடத்தைப் பிள்ளை எளிதில் மறப்பதில்லை.

மூன்றாவது, பிறரோடு பழகுவது. தொன் போஸ்கோவின் மாணவரான தோமினிக் சாவியோ, 1856இல் தோழர்களோடு சேர்ந்து அமலோற்பவ அன்னை சபையைத் தொடங்கினார். புதிதாக வந்த சிறுவர்களையும், யாரும் சேர்த்துக்கொள்ளாத முரட்டுப் பிள்ளைகளையும் அவர்கள் நண்பர்களாக்கிக்கொண்டார்கள். நம் பிள்ளையிடம் மதிப்பெண்ணைக் கேட்கும்போதே, "வகுப்பில் யார் தனியாக உட்கார்ந்திருந்தது? நீ அவனிடம் பேசினாயா?" என்றும் கேட்போம். வீட்டில் சண்டை வந்தால் உடனே தீர்ப்புச் சொல்லாமல், ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்கட்டும். பிறகு இவர் பேசட்டும். மன்னிப்புக் கேட்பதையும் நாம் கேட்டுக் காட்டினால்தான் பிள்ளைகள் கற்பார்கள்.

அன்பானவர்களே, நோட்டைத் தொலைத்துவிட்டு வரும் பிள்ளையை "சோம்பேறி", "மக்கு", "உருப்படமாட்டாய்" என்று சொல்லிவிடுவது எளிது. திரும்பத் திரும்பக் கேட்கும் பிள்ளை அதை நம்பிவிடுகிறது. தான் மக்கு என்று நம்பிவிட்ட பிள்ளை முயற்சியை விடும். நாளடைவில் பள்ளியையே விட்டுவிடும். அவனுக்கு இன்னும் வராதது ஒரு பழக்கம், பழக்கத்தைக் கற்றுக்கொடுக்கலாம். பிள்ளைகளை நேசித்தால் மட்டும் போதாது, நேசிக்கப்படுகிறோம் என்று அவர்கள் உணர வேண்டும் என்பதை 1884இல் உரோமையிலிருந்து எழுதிய மடலில் தொன் போஸ்கோ வலியுறுத்தினார்.

இது பெற்றோரின் பொறுப்பு மட்டுமன்று, பங்கின் பொறுப்பும்தான். பீடச்சிறுவர் பணியும் பாடகர் குழுவும் மறைக்கல்வி வகுப்பும் நேரத்துக்கு வரவும், பொருளை எடுத்த இடத்தில் வைக்கவும், சேர்ந்து உழைக்கவும் பிள்ளைகளுக்குக் கற்றுத்தரும் இடங்கள். வீட்டில் படிக்க இடமோ வெளிச்சமோ இல்லாத பிள்ளைகள் நம் அன்பியங்களில் இருக்கிறார்கள். மாலையில் பங்கு மண்டபத்தைத் திறந்துவைத்து, கல்லூரி மாணவர் இருவர் அவர்களோடு அமர்ந்தால் ஒரு படிப்பகம் தொடங்கிவிடும்.

செபிப்போம்: நாசரேத்தில் வளர்ந்த ஆண்டவரே, எங்கள் பிள்ளைகளோடு பொறுமையாய் அமர எங்களுக்கு நேரமும் மனமும் தாரும். யாரும் கூட இல்லாத பிள்ளைகளிடம் எங்களை அனுப்பும். ஆமென்.