மொழி படித்தவருக்கும் ஒரு தூதரகம் காத்திருக்கிறது
(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கடலூரில் இந்தக் கல்லூரியில் இயற்பியல் படித்து, அப்புறம் சிதம்பரத்தில் பொறியியல் முடித்தவன் நான். இயந்திரத்தோடு மல்லுக்கட்டுகிற ஆளுக்கு மொழித்துறை பற்றிப் பேச என்ன யோக்கியதை என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நம் பக்கத்தில் தமிழோ ஆங்கிலமோ எடுத்துப் படிக்கிற பிள்ளையிடம், "இதைப் படிச்சு என்னப்பா பண்ணப் போறே? வாத்தியார் வேலை கிடைச்சா உண்டு" என்று சொல்லாத வீடு குறைவு. அப்போது ஒப்பிட்டுக் காட்டுவது எங்களைப் போன்ற பொறியாளர்களைத்தான். ஆகவே பதில் சொல்லும் கடமையும் எங்களுக்கு உண்டு. வெளியுறவுப் பணி என்ற ஒரு கதவைப் பற்றி மட்டும் இன்று பேசுகிறேன்.

1889-இல் இத்தாலியும் எத்தியோப்பியாவும் வுச்சாலே என்ற இடத்தில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன் 17-ஆம் பிரிவை அம்ஹாரிக் மொழியில் படித்தால், மற்ற நாடுகளோடு பேச எத்தியோப்பியா இத்தாலியின் உதவியைப் பெறலாம் என்று இருந்தது. இத்தாலிய மொழியில் படித்தால், இத்தாலி மூலமாகத்தான் பேச வேண்டும் என்று இருந்தது. ஒன்றில் 'லாம்', இன்னொன்றில் 'வேண்டும்'. வித்தியாசம் அவ்வளவுதாங்க. ஒரு நாட்டின் சுதந்திரமே அந்த இடைவெளியில் சிக்கிக்கொண்டது. தகராறு முற்றிப் போராகி, 1896 மார்ச் 1-ஆம் தேதி அட்வாவில் இத்தாலியப் படை தோற்றது. எங்கள் தொழிலில் ஓர் அளவு பிசகினால் இயந்திரம் நிற்கும். அவர்கள் தொழிலில் ஒரு வினைமுற்று பிசகினால் ஆயிரக்கணக்கில் உயிர் போகும். அந்த வினைமுற்றைப் பார்த்தவுடனே நெற்றி சுருங்குவது யாருக்கு? இலக்கணமும் இலக்கியமும் படித்தவருக்குத்தான்.

இது நமக்குப் புதிதும் இல்லை. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போனவர் ஔவையார், ஒரு புலவர். திருவள்ளுவர் தூதுக்கென்றே தனி அதிகாரம் வைத்தார். நம் கடலூருக்கே வாருங்கள். தேவனாம்பட்டினத்துக் கோட்டையை 1690-இல் ஆங்கிலேயர் வாங்கினார்கள். வடக்கே புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள். அந்தக் காலத்தில் இந்தக் கரையில் எந்த பேரம் நடந்தாலும் துபாஷி இல்லாமல் நடக்காது. துபாஷி என்றால் இரு மொழி அறிந்தவர். டூப்ளேயின் தலைமைத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதிய நாட்குறிப்பைப் புரட்டினால், சொல்லை எடைபோட்டுப் பேசுகிறவருக்கு அரசியலில் என்ன இடம் இருந்தது என்று தெரியும்.

சுதந்திர இந்தியாவுக்கு வருவோம். கோட்டயம் பக்கத்து உழவூரில் மிக ஏழ்மையான தலித் குடும்பத்தில் பிறந்தவர் கே.ஆர். நாராயணன். திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் அவர் படித்தது ஆங்கில இலக்கியம். 1943-இல் முதல் வகுப்பில் முதலிடம். பிறகு பத்திரிகையாளர், பிறகு உதவித்தொகையில் லண்டனில் அரசியல் படிப்பு. 1949-இல் வெளியுறவுப் பணி. 1962 போருக்குப் பின் பல ஆண்டுகள் சீனாவில் நமக்குத் தூதரே இல்லை. 1976-இல் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தவர் இவர்தான். பின்னர் அமெரிக்காவில் தூதர். 1997-இல் குடியரசுத் தலைவர். அவர் நேருவின் காலத்தில் வந்தவர். இன்று வழி, தேர்வுதான். தேர்வு வழியிலும் உதாரணம் உண்டு. ஆங்கில இலக்கியம் படித்த நிருபமா ராவ் 1973-இல் வெளியுறவுப் பணிக்கு வந்து, 2009 முதல் 2011 வரை வெளியுறவுச் செயலாளராக இருந்தார்.

பதவி இல்லாமலும் தூது நடக்கும். தனிநாயகம் அடிகள் இலங்கையில் ஊர்காவற்றுறை பக்கம் பிறந்தவர்; ரோமில் படித்துக் குருவானவர். 1945-இல் நம் சிதம்பரத்துக்கு வந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் எம்.ஏ. சேர்ந்தார். அதற்கப்புறம் கண்டம் கண்டமாகப் போய்த் தமிழைப் பற்றிப் பேசினார். 1964-இல் தில்லியில் உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றம் உருவாக முன்னின்றார். 1966-இல் கோலாலம்பூரில் முதல் மாநாடு, 1970-இல் பாரிசில் மூன்றாவது மாநாடு. ஐரோப்பிய அறிஞரிடம் அவர் மொழியில் பேசத் தெரிந்ததால்தான் நம் மொழிக்கு அந்த மேசையில் இடம் கிடைத்தது.

தம்பி தங்கைகளே, இனி நடைமுறைக்கு வருகிறேன். பட்டம் மட்டும் போதாது; அதை ஒளிக்க விரும்பவில்லை. குடிமைப் பணித் தேர்வை லட்சக்கணக்கானோர் எழுதுகிறார்கள். வெளியுறவுப் பணிக்குப் போகிறவர்கள் சில டஜன் பேர்தான். ஆனால் முதன்மைத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். தமிழ் இலக்கியத்தை விருப்பப் பாடமாக எடுத்தால் இரண்டு தாள், 500 மதிப்பெண். நீங்கள் மூன்று வருஷம் படித்தது அங்கே முதலாக நிற்கும். தேர்வானவருக்கு ஒரு வெளிநாட்டு மொழி ஒதுக்குவார்கள். அரபியோ, ரஷ்யனோ, சீனமோ. அது பேசும் நாட்டுக்கு அனுப்பிக் கற்க வைப்பார்கள். அதில் தேறினால்தான் பணி நிரந்தரம். இலக்கணத்துக்குப் பயப்படாதவருக்கு அங்கே பாதிச் சுமை குறைவு.

தேர்வில் வராவிட்டால்? கற்ற மொழி வீண் போகாது. நெய்வேலி முதல் அனல்மின் நிலையம் சோவியத் உதவியோடு 1962-இல் மின்சாரம் தரத் தொடங்கியது. கூடங்குளத்துக்கான ஒப்பந்தம் 1988-இல் கையெழுத்தானது. அப்படிப்பட்ட ஒவ்வொரு திட்டத்திலும் இரண்டு நாட்டுப் பொறியாளர்களுக்கு நடுவே ஒரு மொழிபெயர்ப்பாளர் நிற்கிறார். அவர் வாய் திறக்காவிட்டால் எங்கள் கணக்கெல்லாம் காகிதத்தோடு சரி.

நண்பர்களே, சங்கத்துக்கு ஒரு கோரிக்கை வைத்து முடிக்கிறேன். புதுச்சேரியில் அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கிறது. இங்கிருந்து பேருந்தில் போய் வரலாம். மொழித்துறை மாணவர் இரண்டு பேருக்கு, ஆண்டுதோறும், பிரெஞ்சு வகுப்புக் கட்டணமும் பேருந்துச் செலவும் நாம் ஏற்போம். முதல் ஆண்டில் ஒருவர் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன். இன்னொருவருக்கு யார் என்று இந்தக் கூட்டம் கலைவதற்குள் முடிவாகட்டும்.