லுகேமியா சிகிச்சையில் வாய்ப்புண்

(கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

முப்பது வருஷம் பல் வைத்தியம் பார்த்தவன் என்பதால் என்னைப் பேச அழைத்திருக்கிறார்கள். பல்லை இன்று விட்டுவிடுகிறேன்.

என் தங்கையின் பேரனுக்கு ஏழு வயதில் லுகேமியா. குழந்தைகளுக்கு அதிகம் வரும் ஏ.எல்.எல். வகை, நல்ல சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலோர் குணமாகிறார்கள். மெத்தோட்ரெக்ஸேட் ஏற்றிய ஆறாம் நாள், எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் துண்டில் துப்பிக்கொண்டிருந்தான். "அண்ணா, மணத்தக்காளிக் கீரை கொடுக்கலாமா? பி-காம்ப்ளெக்ஸ்?" என்று தங்கை போனில் கேட்டாள். நம் வீடுகளில் எல்லோரும் கேட்பதுதான். ஆனால் இது அந்தப் புண் இல்லை.

செல் பெருக ஃபோலிக் அமிலம் வேண்டும். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன எல்லாப்ரகட சுப்பாராவின் குழு அதைத் தயாரித்தது. அதன் வேலையைத் தடுக்கும் அமினாப்டெரினையும் தயாரித்தது. அதைக் கொடுத்துக் குழந்தைகளின் லுகேமியா தற்காலிகமாகத் தணிந்ததை பாஸ்டனில் டாக்டர் சிட்னி ஃபார்பர் 1948-ல் வெளியிட்டார். மெத்தோட்ரெக்ஸேட் அதன் உடன்பிறப்பு. புற்றுச் செல்லைப் பட்டினி போடும்போது, ஓரிரு வாரத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்ளும் வாயின் உட்தோலும் சேர்ந்து பட்டினி கிடக்கிறது. அதனால்தான் புண்.

பல பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரைகளில் ஃபோலிக் அமிலம் உண்டு. நாமாகக் கொடுத்தால் மருந்தோடு மல்லுக்கட்டுவதாகும். அதிக டோஸ் ஏற்றினால், ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்து, நேரம் கணக்கிட்டு, டாக்டரே லூகோவோரின் கொடுப்பார். மாசிக்காய் இழைத்துத் தடவுவதும் வேண்டாம்.

வீட்டில் செய்யக்கூடியது எளிது. காய்ச்சி ஆறிய தண்ணீர் ஒரு டம்ளர், உப்பு கால் டீஸ்பூன், ஆப்ப சோடா கால் டீஸ்பூன். தினம் நாலைந்து தடவை கொப்புளித்துத் துப்ப வேண்டும். மிக மிருதுவான பிரஷ். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் கூடாது, எரியும். புளி, மிளகாய், முறுக்கு எல்லாம் கொஞ்ச நாள் ஒதுங்கட்டும்; குழைந்த பருப்பு சாதமோ கஞ்சியோ ஆறவைத்துக் கொடுங்கள். தயிர் விஷயத்தில் ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி அபிப்பிராயம் மாறும். உங்கள் டாக்டரைக் கேளுங்கள்.

வலியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லாதீர்கள். மரத்துப்போகும் ஜெல் உண்டு. கடுமையானால் மார்ஃபினும் கொடுப்பார்கள். ஊசியை நிறுத்திவிடுவார்களோ என்று பெரியவர்களே புண்ணை மறைக்கிறார்கள்! சொன்னால்தான் டோஸைச் சரிபார்க்க முடியும். வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் வேளையில் வாய்ப்புண் கிருமிக்குத் திறந்த கதவு. காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் பாரசிட்டமால் கொடுத்து விடியட்டும் என்று இருக்காதீர்கள். இரவானாலும் ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள்.

பார்க்கப் போகிறவர்களுக்கும் ஒன்று. தீர்த்தமும் பஞ்சாமிர்தமும் அன்போடு கொண்டுவருவது எனக்குப் புரிகிறது. அந்தக் குழந்தையின் வாயில் மட்டும் விடாதீர்கள். தாத்தா பாட்டிக்குக் கொடுங்கள். குழந்தைக்காக அவர்கள் சாப்பிடட்டும்.

கேள்விகள் இருந்தால் டிபனுக்குப் பிறகும் இங்கேயே இருப்பேன்.