கடைசி நாற்பது அடி

(முன்னாள் மாணவர் சந்திப்பு நாளில், 1978-ஆம் ஆண்டு சிவில் பிரிவு மாணவர் ஆற்றிய உரை)



"பழைய ஹாஸ்டல் கதை வேண்டாம் சார், உபயோகமா ஏதாவது சொல்லுங்க" என்று செயலாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன்.

முப்பத்து நாலு வருஷம் குடிநீர்த் திட்ட வேலைதான் பார்த்தேன். 2019-இல் சிகாகோவில் மகன் வாங்கியிருந்த பழைய வீட்டுக்குப் போனேன். பேத்திக்கு அப்போது நாலு மாசம், புட்டிப்பால். "மாமா, குழாய்த் தண்ணியில பால் பவுடர் கலக்கலாமா?" என்று மருமகள் கேட்டாள். "நல்லாக் கொதிக்க வெச்சுக் கலக்கும்மா, போதும்" என்றேன். இஞ்சினியர் மாமனார் சொன்னதற்கு அப்பீல் ஏது?

ஒரு நாள் ஏதோ வேலையாக அடித்தளத்துக்கு இறங்கினேன். தெருவிலிருந்து சுவர் வழியாக மீட்டருக்கு வரும் குழாய் மங்கின சாம்பல் நிறத்தில் இருந்தது. ஒரு காசால் சுரண்டினேன். வெள்ளி மாதிரி பளபளத்தது. காந்தம் வைத்தேன், ஒட்டவில்லை. காரீயம்! வயிற்றைக் கலக்கிவிட்டது.

கொதிக்க வைத்தால் கிருமி சாகும். காரீயம் கிருமி அல்ல, உலோகம். நீர் ஆவியாகப் போகப் போக மிச்சத் தண்ணீரில் அதன் அளவு கூடத்தான் செய்யும். நிறம், மணம், ருசி எதிலும் தெரியாது. குழந்தையின் மூளை வளர்ச்சியைத்தான் முதலில் பாதிக்கும். இந்த அளவு வரை குழந்தைக்கு ஆபத்தில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது.

நண்பர் ஒருவரிடம் போனில் சொன்னேன். "ஈயச்சொம்பு ரசத்துலயே வளர்ந்தவங்கடா நாம" என்று சிரித்தார். ஈயச்சொம்பு வெள்ளீயம், அது வேறு உலோகம். பெயர் ஒன்றாக இருப்பதால் வந்த குழப்பம். சொம்பிலும் காரீயம் கலப்படமாக இருந்தால் அதுவும் ஆபத்துதான்.

சிகாகோவில் 1986 வரை வீட்டு இணைப்புக்குக் காரீயக் குழாய்தான் போட வேண்டும் என்பது நகர விதி. அந்த வருஷம் நாடு முழுவதற்கும் சட்டம் வந்துதான் அது நின்றது. சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து நல்ல தண்ணீர் புறப்பட்டாலும், கடைசி நாற்பது அடியில் கெட்டுப் போகலாம்.

ஃபிளின்ட் நகரத்தைப் பாருங்கள். 2014 ஏப்ரலில் செலவைக் குறைக்க ஆற்றுத் தண்ணீருக்கு மாறினார்கள். அரிப்பைத் தடுக்கும் பாஸ்பேட் சேர்க்கவில்லை. குழாய்க்குள் இருந்த காப்புப் படலம் சிதைந்து காரீயம் தண்ணீரில் இறங்கியது. 2015 செப்டம்பரில் மோனா ஹன்னா-அட்டிஷா என்ற குழந்தை மருத்துவர், பிள்ளைகள் ரத்தத்தில் காரீயம் ஏறியிருப்பதைக் கணக்கோடு காட்டினார். அடுத்த மாதமே பழைய தண்ணீருக்குத் திரும்பினார்கள்.

நாங்கள் என்ன செய்தோம்? ராத்திரி முழுக்கக் குழாயில் தேங்கிய தண்ணீரைக் காலையில் முதல் வேலையாகப் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுத்தோம். லிட்டருக்கு 12 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனத்தின் அளவு 10. காரீயத்தை நீக்கும் என்று சான்று பெற்ற ஃபில்டர் போட்டோம். குடிக்க, சமைக்கக் குளிர்ந்த நீர் மட்டும். வெந்நீர்க் குழாயில் காரீயம் அதிகம் கரையும். காலையில் சில நிமிடம் குழாயைத் திறந்து விட்டபிறகே பிடிப்பது. அப்புறம் குழாயை முழுசாக மாற்றினோம். பாதி மட்டும் மாற்றினால், வெட்டி ஒட்டும்போது காரீயத் துகள் உதிர்ந்து கொஞ்ச காலம் நிலைமை மோசமாகும்.

பேத்தியின் ரத்தப் பரிசோதனையில், கவலைப்பட வேண்டாம் என்றார் மருத்துவர். அது அதிர்ஷ்டம், என் படிப்பால் வந்ததல்ல.

"நம்ம ஊர்ல அந்தக் குழாய் ஏது சார்?" என்று கேட்பீர்கள். நம் வீடுகளில் அது அபூர்வம்தான். ஆனால் பி.வி.சி. குழாய் தயாரிக்கும்போது சூட்டில் சிதையாமல் இருக்கக் காரீயச் சேர்மங்களைச் சேர்ப்பது வழக்கமாக இருந்தது. அதைக் கட்டுப்படுத்த மத்திய அரசு 2021-இல்தான் விதி கொண்டு வந்தது. பழைய குழாய் இன்னும் சுவருக்குள் இருக்கிறது. பித்தளைக் குழாய்களிலும் காரீயம் கலந்திருக்கலாம். டி.டி.எஸ். மீட்டர் இதைக் காட்டாது. ஆய்வகத்தில் "காரீயம் பாருங்க" என்று தனியாகக் கேட்க வேண்டும். நம் இந்தியத் தரநிலையும் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்தான்.

தம்பி தங்கைகளே, நாளைக்கு உங்களையும் இஞ்சினியர் என்று நம்பி வீட்டில் ஏதாவது கேட்பார்கள். உடனே பதில் சொல்லிவிடாதீர்கள். "பார்த்துட்டுச் சொல்றேம்மா" என்று சொல்லுங்கள். அன்றைக்கு நான் அதைச் சொல்லியிருக்க வேண்டும்.