தடுப்பூசித் தயக்கமும் பஞ்சாயத்தின் கடமையும்

(வெள்ளிமலையில் ஆற்றிய உரை)



2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ள குழந்தைகளுக்குத் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி போடத் தொடங்கியபோது, கைப்பேசியில் பரவிய வதந்திகளால் பெற்றோர் பலர் தயங்கினர். அவர்களை அறியாதவர் என்று இகழ்தல் தகாது. ஊசி போட்டு ஒரு வாரம் கழித்துச் சில குழந்தைகளுக்குக் காய்ச்சல் காண்பதுண்டு. நலமாயிருந்த பிள்ளைக்கு ஏன் இது என்று தாயுள்ளம் பதறுமன்றோ? அக்காய்ச்சல் ஓரிரு நாளில் தணியும். தட்டம்மையோ நிமோனியாவாக முற்றி உயிரையே மாய்க்கவும் கூடும். இதனை முன்னதாகவே வீடுதோறும் எடுத்துரைப்பது நம் கடமை.

மலையூர்களில் ஊசி நாளுக்காக ஒரு நாள் கூலியை இழக்க இயலாதோரும் உளர். அவர்களைக் கலந்துகொண்டு, கிராமச் சுகாதாரச் செவிலியருடன் நாளைக் குறியுங்கள்.