தேசாந்தரம் செல்லுமுன்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)

சென்ற கூட்டம் கலைந்தபோது பெரியவர் ஒருவர் எம்மை வாசலில் மறித்து, "தம்பிமார், முதுகிலே மூட்டையைக் கட்டிக்கொண்டு அஞ்சு தேசம் சுத்தப் போறியளாமே, ஆர் உங்களைக் கூட்டிக்கொண்டு போறது?" என்று வினவினார். "ஒருத்தரும் இல்லை ஐயா, நாங்களாகத்தான் போகப்போறம்" என்றோம். அவர் தலையை அசைத்துவிட்டுப் போனார். சம்மதித்து அசைத்தாரா, வருந்தி அசைத்தாரா என்று இன்றுவரை நாம் அறியோம். அன்று வாசலிற் சொல்லாமல் விட்ட விடையை இன்று சபையிற் சொல்ல வந்துள்ளோம்.

நாம் நால்வர், பல்கலைக்கழக மாணவர், ஒரே மிஷன் பாடசாலையில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். அப்பாடசாலையின் பூமிசாஸ்திர வகுப்பறைச் சுவரில் ஆசியாப் படமொன்று தொங்கியது. பாடம் கசந்த வேளைகளில் அதில் விரலை வைத்து மலாயாவிலிருந்து வியட்நாம் வரை ஊர்வது எமது வழக்கம். வீட்டிலோ வேறொரு காரணம் இருந்தது. எம்மில் ஒருவரின் பாட்டனாருடைய தமையனார், அக்காலத்து யாழ்ப்பாணத்தார் பலரைப் போல, மலாயாப் புகையிரதப் பகுதியில் எழுதுவினைஞராகச் சேவை செய்தவர். அவர் எழுதிய கடிதங்கள் இன்னும் ஒரு தகரப் பெட்டியில் உள்ளன. அவர் வேலை பார்த்த தண்டவாளத்திலேயே ஏறி வடக்கே போனால் என்ன என்ற எண்ணம் அப்பெட்டியிலிருந்துதான் பிறந்தது.

பிரயாண முகவரிடம் பணத்தைக் கட்டிக் கூட்டமாய்ப் போவதும் ஒரு வழியே. அதை நாம் குறை கூறவில்லை. ஆனால் அவ்வழியில் எங்கே நிற்பது, எதை உண்பது, எப்போது எழுவது என்பதையெல்லாம் பிறர் முடிவு செய்வர். நாமே திட்டமிட்டால் பிழையும் எம்முடையது, படிப்பினையும் எம்முடையது.

பிழையிலிருந்தே தொடங்குவோம். முதலில் 2025ஆம் ஆண்டு யூலை மாதத்துக்கே நாள் குறித்தோம். பாங்கொக்கிலிருந்து கிழக்கே அரண்யபிரதேத் வரை புகையிரதம். அங்கிருந்து எல்லை கடந்து கம்போடியாவின் சியெம் ரீப் நகரம் என்பது எமது வழி. பணம் சேர்ந்துவிட்டது. அவ்வேளையில் எம்முள் ஒருவருடைய தகப்பனார் நோயில் வீழ்ந்தார். நண்பர் தமது பங்குப் பணத்தைத் திருப்பித் தரும்படி தலை குனிந்து கேட்டார். மூவராய்ப் போய்விடலாமா என்று ஓரிரவு முழுவதும் தர்க்கித்தோம். சிறிது கசப்பும் வளர்ந்தது என்பதை மறைக்கவில்லை. முடிவில் அவருடைய பங்கோடு எமது பங்கிலும் ஒரு பகுதியைக் கொடுத்துப் பயணத்தை ஒத்திவைத்தோம்.

அம்மாதம் 24ஆந் திகதி தாய்லாந்துக்கும் கம்போடியாவுக்கும் இடையே எல்லையிற் சண்டை மூண்டது. நாம் குறித்து வைத்திருந்த தரைவழி அடைபட்டிருந்தது. டிசெம்பரிலும் மீண்டும் சண்டை நடந்தது. அந்த எல்லை மலைத்தொடரில் நிற்பவை பழைய சிவாலயங்கள் என்பதை இச்சபை அறிவது நன்று. அவற்றுள் பிரியா விஹியர் கோயில் கம்போடியாவுக்குரியதென 1962இல் சர்வதேச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2008இல் அது உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்தது. தீர்ப்பும் பட்டியலும் இருந்தும் பீரங்கி ஓயவில்லை. நண்பருக்காக நாம் விட்டுக்கொடுத்ததாக எண்ணியிருந்தோம். அவர் பொருட்டு நாம் காக்கப்பட்டோம் என்பதே உண்மை. அவருடைய தகப்பனார் இப்போது தேறிவிட்டார். நால்வராகவே போகின்றோம்.

ஆகவே புதிய வழியைக் கூறுவோம். கொழும்பிலிருந்து கோலாலம்பூருக்கு விமானம். அதன்பின் ஹனோய் வரை நிலவழியே. கோலாலம்பூரிலிருந்து மின்சாரப் புகையிரதம் பட்டர்வேர்த் போகும். அங்கிருந்து ஓடமேறிப் பினாங்கு. பின் பாடாங் பெசார் எல்லையைக் கடந்து ஹட்யாய். அங்கிருந்து படுக்கை வண்டியில் ஓரிரவில் பாங்கொக். பாங்கொக்கிலிருந்து வடகிழக்கே லாவோஸின் தலைநகர் வியன்சான். அங்கிருந்து லுவாங் பிரபாங் நகருக்கு முன்னர் மலைப்பாதையில் ஒரு பகல் முழுதும் குலுங்க வேண்டியிருந்தது. 2021 டிசெம்பரில் திறந்த புதிய புகையிரதப் பாதை அதனை இரண்டு மணிநேரமாக்கிவிட்டது. பின் தெற்கே திரும்பி, மேகொங் ஆற்றோரமாகச் சம்பாசக். அங்கிருந்து வடக்கெல்லை வழியாகக் கம்போடியா. சியெம் ரீப், புனோம் பென். பின் பஸ்ஸில் ஹோ சி மின் நகரம். கடைசியாக 1,726 கிலோமீற்றர் நீளமான வியட்நாம் புகையிரதப் பாதையில் இடையிடையே இறங்கி ஹனோய். சுற்றுவழிதான், ஆயினும் சுற்றியதாற் கிடைத்தது சம்பாசக்கிலுள்ள வாட் பூ என்னும் மலைக்கோயில். அம்மலையைப் பண்டைக் காலத்தில் இலிங்கபர்வதம் என்றே அழைத்தனர். மலைச்சுனை நீரைக் கால்வாயாற் கொணர்ந்து சிவலிங்கத்தின்மேற் சொரியச் செய்தனர். நேர்வழி திறந்திருந்தால் அதன் பெயரையே நாம் அறிந்திருக்க மாட்டோம்.

அடுத்தது காலம். தாய்லாந்தின் தென்மேற்குக் கரையில் தக்குவா பா என்னுமிடத்தில் 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டொன்று கிடைத்துள்ளது. மணிக்கிராமத்தார் என்னும் வணிகர் குழுவையும் ஒரு குளத்தையும் அது குறிப்பிடுகின்றது. அவ்வணிகர் காற்றின் பருவம் பார்த்துப் பாய் விரித்தவர்கள். நாமோ பல்கலைக்கழக விடுமுறையை மட்டும் பார்த்து மழைக்காலமான யூலையைக் குறித்திருந்தோம்! இப்போது தை மாதத்தைத் தெரிந்துள்ளோம். அப்போது தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா மூன்றிலும் மழை ஓய்ந்திருக்கும். தைப்பூசத்துக்குப் பத்துமலையின் 272 படிகளையும் ஏறித் தொழுதபின் வடக்கே போவோம். வியட்நாமியர் புத்தாண்டு நாட்களிற் கடைகள் பூட்டியிருக்கும், வண்டிகளில் இடம் கிடையாது. ஆதலால் அது கழிந்த பின்பே அந்நாட்டுள் நுழைவதாக ஏற்பாடு.

இனிக் கடவுச்சீட்டு. அது குறைந்தது ஆறு மாதமாவது செல்லத்தக்கதாயும் வெற்றுப் பக்கங்கள் உடையதாயும் இருத்தல் வேண்டும். பிற நாட்டார் எழுதிய வழிகாட்டி நூல்களில் "விசா வேண்டியதில்லை" என்றிருப்பது அவருடைய கடவுச்சீட்டுக்கே பொருந்தும், எமதுக்கு அன்று. தாய்லாந்து 2024 யூலை 15இல் விசாவின்றி நுழையக்கூடிய நாடுகளின் தொகையை 93 ஆக்கியபோது இலங்கையும் அதில் இடம்பெற்றது. வியட்நாம் 2023 ஓகஸ்ட் 15 முதல் எல்லா நாட்டவருக்கும் 90 நாள் வரையான இணைய விசா வழங்கத் தொடங்கியது. ஆனால் இவ்விதிகள் அடிக்கடி மாறுவன. எனவே ஒவ்வொரு நாட்டின் அரசாங்கத் தளத்தையும் இருமுறை பார்ப்பது, எல்லையில் வாங்கலாம் என்று எதனையும் ஒத்திவையாமல் முன்கூட்டியே பெறுவது என்று தீர்மானித்துள்ளோம்.

பணத்தைப் பற்றிப் பெரியோர் கட்டாயம் கேட்பீர்கள். 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த டொலர் அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியதை இச்சபையில் மறந்தவர் எவருமில்லை. அரிசிக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற வீடுகளின் பிள்ளைகள் நாம். ஆதலால் வீட்டில் ஒரு சதமும் கேட்பதில்லை என்பது முதல் விதி. மாலை வேளைகளில் சாதாரணதர மாணவருக்குக் கணிதமும் ஆங்கிலமும் கற்பித்துச் சேர்த்தோம். நாளொன்றுக்கு ஆளுக்கு 25 டொலர். 35 நாட்களுக்கு 875 டொலர். விமானச் செலவும் விசாச் செலவும் வேறு. அங்கோர் கோயில்களை மூன்று நாள் பார்ப்பதற்கான சீட்டு மட்டும் 62 டொலர். அதற்காகவே தனி உறை ஒன்று வைத்துள்ளோம். நோய் வந்தால் அல்லது உடனே திரும்ப நேர்ந்தால் மாத்திரம் தொடுவதற்கென ஆளுக்கு 200 டொலர் புறம்பாக உண்டு.

பொதி பற்றி ஒரு வேடிக்கை. ஒத்திகையாகச் சிவனொளிபாதமலைக்குப் பொதிகளுடன் ஏறினோம். ஒருவருடைய பை 12 கிலோ. பாதி வழியில் அவர் இருந்துவிட்டார். பையைத் திறந்தால் எள்ளுருண்டை, பருத்தித்துறை வடை, மிளகாய்த்தூள், ஒரு மின் அழுத்தி! அன்னையின் அன்பு பாரமானது என்பதை அன்றுதான் முதுகால் உணர்ந்தோம். மலிவான விமானங்களிற் கையோடு கொண்டுபோகக்கூடியது பெரும்பாலும் 7 கிலோ. மூன்று மாற்றுடை, மருந்து, ஒரு போர்வை, ஒரு நூல். அதற்கு மேல் வேண்டியதில்லை.

மரக்கறி உணவு உண்போர் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் சொல்லைக் கற்றிருக்க வேண்டும். தாய்லாந்தில் 'ஜே' என்றும் வியட்நாமில் 'சாய்' என்றும் கேட்க வேண்டும். இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் மீன்சாறு ஊற்றித் தருவர். அவர்களுக்கு அது உப்புப் போன்றது.

நிற்க. தாய்மார் மனத்தில் இருக்கும் அச்சத்தைத் தொடாமற் செல்வது நேர்மையன்று. கணினி வேலை என்று தாய்லாந்துக்கு அழைக்கப்பட்டு, எல்லை தாண்டி மியன்மாரின் மியாவடிப் பகுதியில் இணைய மோசடி முகாம்களில் அடைக்கப்பட்ட இலங்கையர் பலர் 2024இல் மீட்கப்பட்டனர். அவர்களும் எம் வயதினரே. பலர் உல்லாசப் பயணிகளாகவே விமானம் ஏறியவர்கள். ஆகவே எமக்குள் சில விதிகளை எழுதிக் கையொப்பமிட்டுள்ளோம்: வழியில் எவர் வேலை தருவதாகச் சொன்னாலும் செவி கொடுப்பதில்லை, பிறர் பொதியைச் சுமப்பதில்லை, கடவுச்சீட்டைப் பிறரிடம் ஒப்படைத்து வைப்பதில்லை, நால்வரும் பிரிவதில்லை, ஒவ்வோர் இரவும் வீட்டுக்குச் செய்தி அனுப்பாமல் உறங்குவதில்லை. எந்த நாள் எந்த ஊரில் என்ற அட்டவணையின் ஒரு பிரதி வீட்டிலும், ஒரு பிரதி எமது சங்கச் செயலாளரிடமும் இருக்கும்.

இவ்வளவு பாடுபட்டு எதைக் காணப் போகின்றோம்? கோயில்களை மட்டுமன்று. தாய்லாந்தின் காஞ்சனபுரியில் இறங்கப் போகின்றோம். 1942, 1943ஆம் ஆண்டுகளில் யப்பானியப் படை அமைத்த 415 கிலோமீற்றர் நீளமான சயாம்–பர்மாப் புகையிரதப் பாதையில் நேச நாட்டுக் கைதிகள் 12,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர் உட்பட ஆசியத் தொழிலாளர் அதனிலும் பன்மடங்காக மாண்டனர். கைதிகளுக்கு வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு, தொழிலாளருக்கு அவ்வாறில்லை. தகரப் பெட்டிக் கடிதங்களில் ஒன்று, "இங்கே தோட்டத்துச் சனங்களை வடக்கே ஏற்றிப் போனார்கள், திரும்பினவர் சிலர்" என்ற ஒரு வரியோடு நிற்கின்றது. அங்கே ஒரு பிடி பூவைப் போடாமல் எமது பயணம் நிறைவுறாது.

புனோம் பென்னில் துவோல் ஸ்லெங் என்றோர் இடம் உண்டு. அது பாடசாலையாயிருந்து, கெமர் ரூஜ் ஆட்சியிற் சிறைச்சாலையாக மாற்றப்பட்டது. வியட்நாமில் மீ சோன் சிவாலயங்கள் 1969இல் குண்டுவீச்சுக்கு இரையாயின. எஞ்சியவற்றை இன்று செங்கல் செங்கலாகச் செப்பனிடுகின்றனர். 2009இல் எமது நாட்டுப் போர் முடிந்தபோது நாம் கைக்குழந்தை நிலையைக் கடந்த சிறுவர். இழப்பைப் பெரியோர் சொல்லக் கேட்டு வளர்ந்தோம். இழந்த பின்னர் பிற மக்கள் எவ்வாறு எழுந்து நடந்தனர் என்பதை நேரிற் காண விரும்புகின்றோம்.

வாசலில் வினவிய பெரியவர் இங்கே வீற்றிருக்கின்றார். ஐயா, ஆர் கூட்டிப்போவது என்று கேட்டீர்கள். நண்பரின் வீட்டுத் துன்பம் எமக்கு நாள் குறித்தது. தகரப் பெட்டி வழி காட்டியது. தாய்மாரின் அச்சம் விதி எழுதித் தந்தது. தனித்துப் போவதாகவே எண்ணியிருந்தோம். இப்போது அவ்வாறு எண்ணவில்லை. தங்கள் ஆசியையும் தந்தால் எமது பொதி கட்டி முடிந்துவிடும். சென்று வந்து, கண்டதை இதே சபையில் ஒப்புவிப்போம்.