சிந்தனையைக் குத்தகைக்கு விடாதீர்!

(தோட்ட மன்றத்தில் நடந்த மாணவர் கூட்டத்தில், தொழிற்சங்கக் கிளையின் சார்பில் ஆற்றிய உரை)

கைப்பேசி நம் பிள்ளைகள் கைக்கு வந்த கதையை நாம் மறக்கவில்லை. 2020 மார்ச் 18-இல் நாடு முழுவதும் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. பள்ளிகள் மூடிக் கிடந்தன. பாடம் கைப்பேசியில் வந்தது. கைமாற்று வாங்கியும் சீட்டுப் பணம் எடுத்தும் கருவி வாங்கிக் கொடுத்தோம். படிப்பதற்காகவே கொடுத்தோம், அதில் தவறில்லை.

ஆனால் இன்று நடப்பதென்ன? அண்மையில் இதே மன்றத்தில் ஒரு மாணவன் "எங்கள் தோட்டம்" என்று கட்டுரை வாசித்தான். பசுமை, தென்றல், இயற்கை எழில் யாவும் அதில் இருந்தன. விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் வெட்டப் போகும் அவன் தாயார் மட்டும் இல்லை! விசாரித்தோம். எழுதியது கைப்பேசியிலுள்ள செயற்கை அறிவு என்று ஒப்புக்கொண்டான். உண்மை சொன்ன பிள்ளையை நாம் கடியவில்லை.

2025-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 54 பேரைக் கொண்டு செய்த ஆய்வொன்றை வெளியிட்டனர். செயற்கை அறிவின் துணையோடு கட்டுரை எழுதியவர்களில் பெரும்பாலோரால், எழுதி முடித்தவுடன் தம் கட்டுரையிலிருந்தே ஒரு வாக்கியத்தைச் சரியாகச் சொல்ல இயலவில்லை. சிறிய ஆய்வுதான், எனினும் நாம் கண்டதும் அதுவே.

"இதனால் என்ன நட்டம்?" என்பீர்கள். கிராணி வேலை பார்க்கும் நாம் சொல்கிறோம், கேளுங்கள். 40 கிலோ பால். அதில் உலர்ந்த ரப்பர் 30 விழுக்காடு என்றால் கணக்கு 12 கிலோ. சீட்டில் 10 என்று விழுந்தால், மனக்கணக்கு அறிந்தவர் அங்கேயே நிறுத்திக் கேட்பார். அறியாதவர் கையெழுத்திட்டுப் போவார்; 2 கிலோ போனது போனதுதான். சீட்டை இயந்திரம் அச்சடித்தாலும் எண்ணைத் தட்டுகிறவன் மனிதனே. கேள்வி கேட்கத் தெரியாதவன் கூலியையும் இழப்பான், உரிமையையும் இழப்பான்.

நிற்க. கருவியைப் பிடுங்கி உடைக்கச் சொல்லவில்லை. அடித்தால் பிள்ளை ஒளித்து வைத்துப் பார்ப்பான். அருகில் அமர்ந்து பேசிப் பழக்குங்கள்.

முதலாவது, படிக்கும் நேரத்தில் கைப்பேசி வேறு அறையில் இருக்கட்டும்.

இரண்டாவது, எந்தக் கேள்விக்கும் முதலில் உன் விடையை நோட்டில் எழுது. பிறகு இயந்திரத்தைக் கேள். இரண்டும் வேறுபட்டால், ஏன் என்று ஆசிரியரிடம் கேள்.

மூன்றாவது, தினம் ஒரு பக்கம் வாசித்து, புத்தகத்தை மூடி, வீட்டாரிடம் உன் சொல்லில் சொல்.

நான்காவது, இரவில் உறக்கம். ஓயாமல் வெட்டினால் மரத்தில் பால் வற்றும் என்பதால்தானே ஒருநாள் விட்டு வெட்டுகிறோம்? மூளைக்கும் ஓய்வு வேண்டும். பெற்றோர்களே, இரவுச் சாப்பாட்டு வேளையில் முதலில் நம் கைப்பேசியைக் கீழே வைப்போம்.

வாரம் ஒரு மாலை இம்மன்றத்தில் வாசிப்பு வகுப்பு நடத்தக் கிளை முன்வந்துள்ளது. பிள்ளைகளை அனுப்புங்கள், நீங்களும் வாருங்கள்.

அந்த மாணவன் மறுவாரமே தானாக எழுதிய அரைப் பக்கத்தைக் கொண்டுவந்தான். எழுத்துப் பிழைகள் இருந்தன. அவன் தாயாரும் இருந்தார். அந்த அரைப் பக்கத்தைத்தான் மன்றச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். போகும்போது படித்துவிட்டுப் போங்கள்.