நிழல் விழாத தெய்வங்கள்

ஓர் ஓவியத்தைப் பார்க்கும்போது முதலில் தேட வேண்டியது, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதைத்தான். இராமநாதபுரம் இராமலிங்க விலாசத்தில், 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீட்டப்பட்ட சுவரோவியங்களில் இந்தத் தேடலுக்கே வேலையில்லை. இராஜராஜேஸ்வரி செங்கோல் கொடுக்கிறாள்; சேதுபதி மன்னர் வாங்கிக்கொள்கிறார். இருவர்மேலும் ஒரே சீரான வெளிச்சம். உருவத்தைக் கோடு காட்டுகிறது. பெருமையை அணியும் இருக்கையும் சொல்லிவிடுகின்றன.

நிறத்தை அடர்த்தியாக்கி உடலைத் திரட்டிக் காட்டும் வித்தை நம் மரபுக்குப் புதிதல்ல. விஷ்ணுதர்மோத்தர புராணம் அதை ‘வர்த்தனை’ என்கிறது. கோடாலும் புள்ளியாலும் அதைச் செய்யும் மூன்று வகைகளையும் சொல்கிறது. ஒருபக்க வெளிச்சமும் தரையில் விழும் நிழலும் மேற்கத்திய எண்ணெய் வண்ணத்தோடு வந்தவை. ரவிவர்மா அவற்றை ஊரறியச் செய்தார்.

இரண்டும் கலந்த இடம் அருப்புக்கோட்டைக்குத் தென்மேற்கே, கரிசல் சீமையில் இருக்கும் கோவில்பட்டி. சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, நாடகக் குழுக்களுக்குத் திரைச்சீலை எழுதிய கொண்டையராஜு (1898–1976) அங்கேதான் தங்கினார். அவரும் சீடர்களும் வரைந்த சாமி படங்கள் சிவகாசியில் அச்சாகிக் காலண்டர்களாக வீடுதோறும் போய்ச் சேர்ந்தன.

அந்த வழியில் வந்த லட்சுமி படம் ஒன்றைக் கிட்டப்போய்ப் பார்த்தால் விஷயம் விளங்கும். கன்னத்துச் சிவப்பு தாடைக்குக் கீழே மெல்லப் பழுப்பாக இறங்குகிறது. மூக்குத்தியில் ஒரு வெள்ளைப் பொட்டு மினுங்குகிறது. சேலை மடிப்பு, பாவு ஒரு நிறமும் ஊடை ஒரு நிறமுமாக நெய்த பட்டுப்போல நிறம் மாறுகிறது. தறிக்காரர் கண்ணுக்கு அது உடனே பிடிபடும். இந்த நுணுக்கத்தில் மேற்கத்தியப் பாடமும் கலந்திருக்கிறது. ஆனால் தாமரைமேல் பாதத்தின் நிழல் விழவில்லை. தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் இருக்க, முகமே விளக்காக நிற்கிறது.

இதைக் குறை என்று தள்ளுவது தவறு. தேவர்க்கு நிழலில்லை என்பது பழைய நம்பிக்கை. பாரதத்து நளன் கதையில், ஒன்றுபோல நின்ற ஐவரில் மெய்யான நளனைத் தமயந்திக்குக் காட்டிக்கொடுத்த அடையாளங்களில் நிழலும் ஒன்று. நிழல் மனிதனின் முத்திரை.

ஒளியை இப்படிக் கண்ட கொண்டையராஜு சில காலம் திருவண்ணாமலையில் ரமணரின் ஆசிரமத்தில் இருந்தவர். ரமணர் 1928-இல் இயற்றிய ‘உள்ளது நாற்பது’ நூலின் முதல் பாட்டில் ஓவியமே உவமை: சித்திரம், பார்ப்பவன், சித்திரத்தைத் தாங்கும் திரை, அதைத் துலக்கும் ஒளி. நான்கையும் ஒரே முதற்பொருள் என்கிறார்.